டிக்கி தானாகத் திறந்த வழக்கு

நீதிமன்ற வாசலில், வக்கீல்கள் கூட்டமாக நின்று டீ குடிக்கும் இடத்துக்கு நேர் எதிரே, காரின் டிக்கி மறுபடியும் திறந்துகொண்டது.

யாரும் தொடவில்லை. ‘டிக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் அது பாட்டுக்கு நிதானமாக மேலே எழும்பி, டாக்டரிடம் நாக்கைக் காட்டுகிறவன்போல வாயைப் பிளந்துகொண்டு நின்றது. உள்ளே வழக்குக் கட்டுகள் ஊரே பார்க்கும்படி கிடந்தன.

டிரைவர் இறங்கி ஓடினார்.

“என்ன வக்கீலே, வண்டி கொட்டாவி விடுது? உங்க வாதத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சா?” என்று டீ கிளாஸோடு நின்ற எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பின்சீட்டில் இருந்த வக்கீல் சிரிக்கவில்லை. ஊரிலேயே பெரிய கிரிமினல் வக்கீல் அவர். அவர் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தால், சாட்சிகளுக்குப் பெற்ற பிள்ளைகளின் பெயர்கூட மறந்துபோகும். எதற்கும் அஞ்சாத சிங்கம் என்று பெயர். அந்தப் பெயரை அவரும் மறுத்ததில்லை. காரில் வரும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு அசைய, அன்றைய வாதத்தை மனப்பாடம் செய்துகொண்டே வருவது அவர் வழக்கம். இப்போது மெல்லக் கண்ணைத் திறந்தார்.

டிக்கியைச் சாத்திவிட்டு வந்த டிரைவரிடம், “திறந்தது யாரு?” என்றார்.

“தெரியலீங்க ஐயா.”

“நீயா?”

“இல்லீங்க ஐயா. என் கை ஸ்டியரிங்ல இருந்தது.”

“ரெண்டு கையுமா?”

டிரைவர் யோசித்தார். ஸ்டியரிங்கில் இருந்தது ஒரு கைதான். இன்னொரு கையால், வழியில் தாம் முந்திவந்த பஸ்ஸின் டிரைவருக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார்.

“கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லு.”

“ஒரு கைங்க ஐயா.”

“ஆக, இன்னொரு கை என்ன செஞ்சுதுங்கறதுக்குச் சாட்சி இல்லை. சரி, போகட்டும். திரும்பிப் போறப்ப கொஞ்சம் பார்த்து, மெதுவாப் போ. டிக்கி திறந்து கட்டெல்லாம் ரோட்டுல பறந்துச்சுன்னா மானம் போயிடும்.”

முன்சீட்டில் இருந்த குமாஸ்தா ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கிக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கை ஏன் பைக்குள்ளேயே இருக்கிறது என்று டிரைவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்தார்.

கார் புதுசு. அதன் சாவியைத் துவாரத்தில் நுழைக்க வேண்டாம், திருக வேண்டாம். பையில் சும்மா கிடந்தாலே போதும். பக்கத்தில் வந்தால் கதவு திறக்கும், பட்டனைத் தட்டினால் என்ஜின் ஓடும். டிக்கிக்கு மட்டும் சாவியிலேயே தனியாக ஒரு பட்டன் உண்டு. வேலை செய்யாமலேயே வேலை நடக்கிறது என்றால் அதில் ஏதோ சூது இருக்கத்தான் வேண்டும் என்பது டிரைவரின் கட்சி. வண்டி வந்த நாளிலிருந்தே அதை அவர் சந்தேகக் கண்ணோடுதான் துடைத்து வந்தார். இப்போது சந்தேகத்துக்குத் தீனி கிடைத்துவிட்டது.

அவருக்கு இந்த வேலை போனால் வேலை மட்டும் போகாது. வக்கீல் வீட்டு கார் ஷெட்டுக்கு மேலே ஓர் அறை; அதில்தான் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு, அவர் மனைவி அக்கம்பக்கத்துத் துணியெல்லாம் தைத்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் அறை போகும். அறை போனால் ஜன்னல் போகும்.

அதைவிடப் பெரியது ஒன்றும் இருந்தது. அவர் இந்த வேலைக்கு வந்த கதை.

முன்பு அவர் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த வேன் ஒரு மரச்சாமான் கடைக்குள் புகுந்து, கண்ணாடியை உடைத்து, விற்பனைக்கு வைத்திருந்த கட்டில்மேல் ஏறி நின்றது. தாறுமாறாக ஓட்டியதாக வழக்கு. நம் வக்கீல்தான் வாதாடினார். கடை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது என்றார். கட்டில் கடைக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்றார். கடைசியில் மேஜையைத் தட்டி, “இவர் ஓட்டுகிற வண்டியில் என் உயிரையே ஒப்படைப்பேன்!” என்று முழங்கினார். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்காமல், “அப்படியானால் நீங்களே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்களேன்” என்றார். “இன்றைக்கே!” என்றார் இவர். வழக்கு ஜெயித்தது. அன்று மாலையே டிரைவர் வேலையில் சேர்ந்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை டிரைவர் நினைக்காத நாள் கிடையாது. பெற்ற அப்பாகூட அவரைப் பற்றி அப்படி நாலு பேர் முன்னால் சொன்னதில்லை. அந்த நம்பிக்கைக்குக் கைம்மாறாக, ஐயாவை எங்கேயும் எல்லோருக்கும் முந்திக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சபதம் எடுத்திருந்தார். ஐயாவின் காரை இன்னொரு வண்டி முந்தினால் அவருக்கு அன்று சாப்பாடு இறங்காது.

முதல் வேலையாக வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். மெக்கானிக் டிக்கியைத் திறந்தார், மூடினார், உள்ளே தலையை விட்டுப் பார்த்தார்.

“வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க. ஓடுறப்ப டிக்கி திறக்காது. நிக்கிறப்ப, யாராவது பட்டனை அமுக்கினாத்தான் திறக்கும். உங்க பேன்ட் பையில சாவி அமுங்குதோ என்னவோ? சட்டைப் பையில வெச்சுப் பாருங்க. ஆமா, இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?”

நியாயமான கேள்வி. டிரைவர் அதை அப்படியே கொண்டுபோய் வக்கீலிடம் கேட்டார்.

வக்கீல் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீ என்னைக் குறுக்கு விசாரணை பண்றியா?”

“ஐயையோ, இல்லீங்க ஐயா!”

“இந்த ஊர்ல என்னை இதுவரைக்கும் யாரும் குறுக்கு விசாரணை பண்ணினதில்லை. போய் வண்டியைத் துடை.”

போய்த் துடைத்தார். துடைத்துக்கொண்டே யோசித்தார். தனியாகப் பெட்ரோல் போடப் போனால் டிக்கி திறப்பதில்லை. வக்கீலின் வீட்டு அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போனால் திறப்பதில்லை. அம்மா போகிற கடை தெருமுனையிலேயே இருந்தது, கியரை மாற்றுவதற்குள் வந்துவிடும். வழக்குக் கட்டோடு கோர்ட்டுக்குப் போகும்போதுதான் திறக்கிறது. அப்படியானால் எவனோ கட்டுகளுக்குக் குறிவைக்கிறான்! கள்ளச் சாவி செய்து வைத்திருக்கிறான்! அவன் கார் பக்கத்திலேயே இருக்கிறான்!

கார் பக்கத்தில் என்ன, காருக்கு உள்ளேயே ஒருவர் தினமும் பைக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குமாஸ்தாவின் அக்கா மகன் ஒருவன் டிரைவர் வேலைக்கு அலைகிறான் என்பதும் ஞாபகம் வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டிரைவருக்குக் குமாஸ்தா பட்டப்பகலிலேயே பேயாகத் தெரிந்தார்.

ஆனாலும் மெக்கானிக் சொன்னதையும் செய்து பார்த்துவிடலாம் என்று, சாவியைச் சட்டைப் பைக்கு மாற்றினார். மறுநாள் ஒரு லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஊசி நுழைவதுபோல நுழைந்து, அதே வேகத்தில் வந்து நீதிபதியின் காருக்குப் பின்னால் நிறுத்தினார். ‘டிக்.’ நீதிபதியே திரும்பிப் பார்த்தார்.

“பார்த்தியா?” என்றார் வக்கீல் கம்மிய குரலில். “மெதுவாப் போன்னு சொன்னேனா இல்லையா?”

“மெதுவாப் போறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க ஐயா. இது சதி. நான் கண்டுபிடிக்கிறேன், நீங்க கவலைப்படாதீங்க.”

வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். சொல்லவில்லை.

சமையல் சாமான் சுற்றும் வெள்ளிக் காகிதத்தில் சாவியைச் சுற்றி வைத்தால் அதன் சமாச்சாரம் வெளியே போகாது என்று யாரோ சொன்னார்கள். டிரைவர் நன்றாகச் சுற்றி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவை மூடிச் சீட்டுக்கு அடியில் வைத்தார். சமாச்சாரம் நிஜமாகவே வெளியே போகவில்லை. ஐயா வீட்டுக்குள்ளிருந்து வருவதற்கு முன்னால் கிளப்பிப் பார்த்தால், கார் ஸ்டார்ட் ஆகவில்லை. டப்பாவின் மூடி எடுக்க வராமல் குமாஸ்தாவும் அவருமாக ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அது திறந்தபோது கோர்ட் கூடும் நேரம் நெருங்கிவிட்டிருந்தது.

“ஐயா, நீங்க கண்ணை மூடுங்க. திறக்கிறப்ப கோர்ட்டு” என்றார் டிரைவர், வந்து ஏறிய வக்கீலிடம்.

சொன்னபடியே செய்தார். அன்றைக்கு அவர் ஓட்டியது ஓட்டமா! வளைவில் சக்கரங்கள் கத்தின. வேகத்தடைகளில் வண்டி பறந்து பறந்து இறங்கியது. எதிரே வந்த குப்பை வண்டி தன் குப்பையையே கொட்டிவிட்டு ஒதுங்கியது. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும், நின்ற மறுவினாடியே, ‘டிக்.’ இறங்கி மூட வேண்டும், ஏறிப் பறக்க வேண்டும். அடுத்த சிக்னலில் மறுபடியும் ‘டிக்.’ பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஹாரனை விட்டுவிட்டு வாயாலேயே திட்டத் தொடங்கினார்கள்.

கோர்ட்டில் இறங்கியபோது வக்கீலின் முகம் அவர் கழுத்துப் பட்டையைவிட வெளுத்திருந்தது.

“கோபத்துல இருக்காரு” என்று டிரைவர் குமாஸ்தாவிடம் கிசுகிசுத்தார். “இதெல்லாம் செஞ்சவன் மட்டும் கையில கிடைச்சான்…”

குமாஸ்தா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று டிரைவர் மனத்துக்குள் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் மனைவி துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தார். டிக்கிக்கும் பம்பருக்குமாக மாற்றி மாற்றிச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டு இறுக்கினார். அவசரத்தில் இரண்டு துணிக் கிளிப்புகள் கயிற்றிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன.

கயிறு கட்டிய டிக்கியோடு கார் கோர்ட் வாசலுக்கு வந்தபோது, அங்கே பாதுகாப்புக்கு நின்றவர் ஓர் இன்ஸ்பெக்டர். போன வாரம் நம் வக்கீலின் குறுக்கு விசாரணையில் கூண்டில் நின்று, தம் சொந்தப் பெயரையே மாற்றிச் சொன்னவர். அவர் காரைப் பார்த்தார். கிரிமினல் வக்கீலின் கார் என்பதைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அவர் முகத்தில் வெகுநாள் காணாத ஒரு மகிழ்ச்சி பரவியது.

“ஏம்ப்பா, டிக்கியை எதுக்குக் கட்டியிருக்கே?”

“திறந்துக்கும் சார்.”

“எப்படித் திறந்துக்கும்?”

“தானாவே சார்.”

“தானாவா? உள்ளேயிருந்து யாராவது தள்ளுறாங்களா?”

“இருந்தாலும் இருக்கும் சார். எனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான்.”

அவ்வளவுதான். விசில் ஊதப்பட்டது. மோப்ப நாய் வந்தது. கூட்டம் கூடியது. பிணம் என்று ஒருவர் சொன்னார், வெடிகுண்டு என்று இன்னொருவர் சொன்னார், இரண்டும்தான் என்று மூன்றாமவர் சமாதானம் செய்தார். நாய் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குமாஸ்தாவின் சாப்பாட்டுப் பைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

முடிச்சு அவிழவில்லை. கயிற்றை அறுத்தார்கள். டிரைவர் சாவியில் இருந்த பட்டனை அமுக்கினார். கேட்காமலே திறந்து திறந்து மானத்தை வாங்கிய டிக்கி, இப்போது எல்லோருமாகக் கெஞ்சிக் கேட்டும் திறக்கவில்லை. கயிறு இறுக்கியதில் தாழ்ப்பாள் வளைந்து சிக்கிக்கொண்டிருந்தது. கடப்பாரை வந்தது. நெம்பித் திறந்தார்கள். உள்ளே வழக்குக் கட்டுகளும் மாற்றுச் சக்கரமும் இருந்தன. இன்ஸ்பெக்டர் சக்கரத்தைத் தூக்கி அதற்கு அடியிலும் பார்த்தார்.

“இது என்ன சார்?” என்று துணிக் கிளிப்பைக் காட்டி எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். “தடயப் பொருளா?”

கோர்ட்டுக்குள் அன்று வழக்கை அழைத்தபோது பெரிய வக்கீல் இல்லை. நீதிபதி கோபித்துக்கொண்டு வேறு தேதி போட்டுவிட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். வக்கீல் காரை விட்டு இறங்கவே இல்லை. இறங்காமலே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கயிறு யாரோட யோசனை?”

“என்னுதுதாங்க ஐயா.”

“ம்.”

தாழ்ப்பாள் உடைந்துவிட்டதால் திரும்பும்போது டிக்கி பட்பட்டென்று அடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் டிரைவர் நடந்து போகிறவர்களோடு போட்டி போடும் வேகத்தில் ஓட்டினார். பின்னால் வக்கீல் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பாவம், அவமானம் தாங்காமல் அசந்துவிட்டார் என்று டிரைவருக்குக் கண் கலங்கியது. இதற்குக் காரணமானவனை விடுவதில்லை என்று பல்லைக் கடித்தார்.

தாழ்ப்பாளைச் சரிசெய்து வண்டி வந்ததும், போன மானத்தை வேகத்தில் மீட்பது என்று கிளம்பினார். அன்று ஒரு கண் ரோட்டில் இருந்தது; இன்னொரு கண் குமாஸ்தாவின் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு கண்ணும் ரோட்டில் இருந்திருந்தால் அந்தப் பால் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைத்திருக்கும். மயிரிழையில் தப்பி, சிக்னலில் கிறீச்சென்று நிறுத்தினார். குமாஸ்தாவின் கை பைக்குள் போவதைப் பார்த்தார். அதே சமயம் பின்னால் ‘டிக்.’

டிரைவர் பாய்ந்தார். குமாஸ்தாவின் பையில் கையை விட்டு, உள்ளே இருந்த கையோடு சேர்த்து வெளியே இழுத்தார்.

“மாட்டிக்கிட்டீங்களா? எங்க அந்தக் கள்ளச் சாவி?”

பையிலிருந்து வந்தது ஒரு மாத்திரை அட்டை. டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாந்திக்குப் போடும் மாத்திரை.

“உனக்கு மூளை இருக்காப்பா?” குமாஸ்தாவுக்கு உதடு துடித்தது. “இந்த ஆபீஸ்ல வேலை பார்த்தே தலை நரைச்சவன் நான். என் பையில இதுவரைக்கும் ஒருத்தன் கை விட்டதில்லை. ஐயா! ஒண்ணு இந்த வண்டியில இவன் இருக்கணும், இல்லே நான் இருக்கணும். நீங்களே சொல்லுங்க!”

சிக்னல் பச்சையாகிவிட்டிருந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. டிக்கி இன்னும் திறந்தே கிடந்தது.

வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். “நாளைக் காலைல ஆபீஸ்ல ரெண்டு பேரையும் விசாரிச்சு முடிவு சொல்றேன். இப்ப முதல்ல போய் டிக்கியை மூடு.”

அன்று சாயங்காலம் டிரைவர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். மனைவி மெஷினை நிறுத்தினாள். நடந்ததைக் கேட்டாள்.

“ஏங்க, இந்த உலகத்துல நீங்க யாரைத்தான் சந்தேகப்படலை?”

“உன்னை.”

“ஏதோ என் புண்ணியம். ஏன்?”

“உனக்குப் பட்டன் தைக்கத்தான் தெரியும், அமுக்கத் தெரியாது.”

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலையும் அதன் கீழே தைத்து மடித்து வைத்திருந்த துணிகளையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நாளைக்கு வெளியே போங்கன்னு சொல்லிட்டாருன்னா, இந்த வெளிச்சம் உனக்கு எங்க கிடைக்கும்?”

“விளக்கு போட்டுத் தெச்சுக்கறேன். அதுவா இப்பப் பெரிசு?”

“அது மட்டும் இல்லம்மா.” அவர் ஜன்னலை விட்டுத் திரும்பினார். “என்னை நம்பி அன்னிக்கு அப்படிச் சொன்னாரே, அந்த மனுஷன் வாயாலேயே ‘நீ வேண்டாம்’னு கேட்கணுமேன்னு இருக்கு. அதைத்தான் என்னால தாங்க முடியாது.”

மனைவி மெஷினில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். “அப்படின்னா அவர் சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. மரியாதையா வந்துடலாம்.”

மறுநாள் காலை ஆபீஸ் அறையில் வக்கீல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் குமாஸ்தா, ஒரு பக்கம் டிரைவர். கூண்டு மட்டும்தான் இல்லை.

“குமாஸ்தாவோட பையில அவர் அனுமதி இல்லாம கையை விட்டே. ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேங்க ஐயா. தப்புத்தான். குமாஸ்தா சார், மன்னிச்சிடுங்க.”

குமாஸ்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“டிக்கி விஷயமா என்ன சொல்றே?”

“அது யாரோட வேலைன்னு என்னால கண்டுபிடிக்க முடியலீங்க ஐயா. என்னாலதான் உங்க மானம் போச்சு. அதனால…” டிரைவர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். “நான் வேலையை விட்டுடறேன். நீங்க வேற ஆளைப் பார்த்துக்கோங்க.”

வக்கீல் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“அது நடக்காது!”

டிரைவர் திடுக்கிட்டார். குமாஸ்தாவும்தான்.

“உன்னை நான் வேலைக்கு வெச்சது ஊருக்கே தெரியும். நாளைக்கு நீ இல்லேன்னா டீக்கடையில என்ன பேசுவாங்க? நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான். எடு அந்தச் சாவியை!”

டிரைவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு நடந்தும் எவ்வளவு நம்பிக்கை! சாவியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்தார். “இருந்தாலும் உனக்கு நிபந்தனை ஜாமீன்தான். நிபந்தனை என்னன்னா, இனிமே வண்டி நாற்பதைத் தாண்டக்கூடாது. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணும். யாரையும் முந்தக்கூடாது. வேகமாப் போனா ஒயர் எல்லாம் ஆடி, டிக்கி திறந்துக்குதாம். மெக்கானிக் என்கிட்ட சொன்னார்.”

“என்கிட்ட அப்படிச் சொல்லலையே ஐயா?”

“எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிக்கிட்டிருப்பாங்களா?”

“அப்ப வெறும் வேகத்தாலயா இவ்வளவும்?”

“நிபந்தனையை ஏத்துக்கறியா இல்லையா?”

“ஏத்துக்கறேங்க ஐயா.”

“குமாஸ்தா, உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை?”

குமாஸ்தா ஜன்னலிலிருந்து சடாரென்று திரும்பினார். “நாற்பதா ஐயா? ஒரு ஆட்சேபணையும் இல்லை. தம்பி தங்கமான பையன். என் புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. டிரைவர் சொன்ன சொல் தவறவில்லை. நாற்பதுக்கு மேல் முள் நகரவில்லை. பஸ்கள் முந்தின. தாம் டாட்டா காட்டிய அதே டிரைவர் இப்போது அவருக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார். ஒரு நாள், பின்னால் மாவு மூட்டை கட்டிய சைக்கிள்காரர்கூட முந்தினார். ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் யாரோ மிதித்ததுபோல இருந்தது. ஆனால் டிக்கி திறக்கவில்லை. கோர்ட் வாசலில் இல்லை, சிக்னலில் இல்லை, எங்கேயும் இல்லை. வக்கீல் காரில் பேப்பர் படிக்க ஆரம்பித்தார். குமாஸ்தாவின் கை பையை விட்டு வெளியே வந்தது.

டிரைவர் யோசித்தார். ஒயர் ஆடுவதாவது, டிக்கி திறப்பதாவது! அதெல்லாம் தம் மனசு நோகக்கூடாது என்று ஐயா சொன்னது. உண்மை வேறு. நடுரோட்டில், நாலு பேர் பார்க்க, குமாஸ்தாவின் பையில் கையை விட்டோமே, அதில்தான் ஆள் ஆடிப்போயிருக்கிறார். கள்ளச் சாவியை அன்றே எங்கேயோ வீசியிருப்பார். மாத்திரை அட்டை எல்லாம் கண்துடைப்பு.

இந்தக் கண்டுபிடிப்பை எத்தனை நாளைக்குத்தான் மனத்துக்குள்ளேயே வைத்திருப்பது? ஒரு நாள் காலை, வக்கீல் வெளியே வரக் காத்திருந்தபோது, வராந்தாவில் கணவரின் கறுப்பு கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வக்கீலின் மனைவியிடம் போய் நின்றார்.

“பார்த்தீங்களாம்மா, இப்பல்லாம் டிக்கி திறக்கிறதே இல்லை.”

“ஆமாம்ப்பா. ஐயாவும் ராத்திரி நல்லாத் தூங்கறார். முன்னெல்லாம் தூக்கத்துல ‘பஸ்ஸு, பஸ்ஸு’ன்னு அலறுவார்.”

“வேலை அதிகம், பாவம். ஆனா அம்மா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் அன்னிக்குப் பாய்ஞ்சு பிடிச்சேன் பாருங்க, அதுலதான் பயந்துட்டாரு. ஐயாகிட்ட சொன்னா குமாஸ்தா சார் வேலை போயிடுமேன்னுதான் நான் வாயைத் திறக்கலை.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரி பார்த்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“குமாஸ்தாவை ஏம்ப்பா இழுக்கறே? ‘இவர் ஓட்டுற வண்டியில என் உயிரையே ஒப்படைப்பேன்’னு கோர்ட்ல அடிச்சுப் பேசினவரு, ‘பயமா இருக்குடா, மெதுவாப் போ’ன்னு உன்கிட்ட எப்படி வாயைத் திறப்பாரு? அதான், இன்னொரு சாவியைக் கோட்டுப் பையில வெச்சுக்கிட்டு டிக்கியைத் திறந்தாரு!”